நழுவும்போது கேட்கும் குரல்

பெல்சியாவின் காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த குறிப்புச்சிமிழ் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை.

அதன் வேலையே அப்படித்தான். படித்ததைச் சொந்த வார்த்தையில் கேள்வியாக்கிச் சிமிழில் பதிய வேண்டும். எது நினைவிலிருந்து நழுவப் பார்க்கிறதோ, அதைச் சரியாக அந்த நேரத்தில் கேட்கும். வாய்விட்டுப் பதில் சொன்னால் நெடுநாளைக்குத் தொந்தரவு செய்யாது. நினைத்தபோது போட்டுக் கேட்க வழி கிடையாது. சும்மா கேட்டுக்கொண்டே இருந்தால் பாடம் வந்துவிட்டது போல ஒரு மயக்கம் உண்டாகும் என்று, செய்தவர்கள் அதற்கு இடமே வைக்கவில்லை.

மருத்துவம் படித்த காலத்தில், தன் குரலே தன்னைக் கேள்வி கேட்பது எரிச்சலாக இருக்கிறது என்று கணவன் சவரியிடம் அலுத்துக்கொண்டாள். நிலவுக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் அனுப்பும் தூத்துக்குடி ஆலையில் குழாய் பொருத்துகிறவன் அவன். அவள் எழுதிய கேள்விகளை அவனே உட்கார்ந்து வாசித்துப் பதிந்தான். நோய்களின் பெயரெல்லாம் அவன் வாயில் பட்டு உருமாறின. பேருந்திலும் குளியலறையிலும் அந்தக் குரலுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். தேர்வில் முதலாவதாக வந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் சவரியைக் கொண்டுபோனது.

அவளுக்குச் சிறுநீரகப் பிரிவில் வேலை. படித்ததெல்லாம் தினமும் கைக்கு வந்துகொண்டிருந்தது; எதுவும் நழுவவில்லை. அதனால் சிமிழும் பேசவில்லை. நன்றாகப் படித்துவிட்டோமே என்று அவள் முதல்முறையாக அழுதாள்.

தோல் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். தலைமை மருத்துவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இத்தனை அறிவையும் வீணடிக்கிறாயே என்று வருத்தப்பட்டார். அவள் விண்ணப்பத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு காலை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது காதுக்குள் குரல் வந்தது.

“ஏ புள்ள, ரத்தத்துல பொட்டாசியம் கூடிட்டா நெஞ்சுக்கு என்ன ஆவும்?”

கத்தியை வைத்துவிட்டாள். விடை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இந்தக் குரல் மறுபடி எப்போது வருமோ? உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு சவரி தொண்டையைச் செருமினான்.

“வரலியா? வெசனப்படாத. நாளைக்கு வந்து கேக்கேன்.”

எந்தக் கேள்விக்கும் தாமதித்தே பழக்கமில்லாத அவளுக்கு, இப்படி ஒன்றை அவன் பதிந்து வைத்திருந்ததே அன்றுதான் தெரிந்தது.