ராவிய நாக்கு

பிளாஸ்டிக் மீனின் நாக்கை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

பெர்னார்ட் படகில் குனிந்து பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பார்த்தான். அதுவும் அப்படியே. தூண்டிலில் இரையாகக் கட்டும் இந்தப் பொய்மீன்களுக்கு வாய்க்குக் கீழே அகலமாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். படகு இழுக்க இழுக்க அது தண்ணீரைத் தள்ளி மீனை ஆழத்துக்குக் கொண்டுபோகும். ஹெப்பகோடிக்குப் பின்னால் கைவிடப்பட்டுத் தண்ணீர் தேங்கிய இந்தக் கல்குவாரியில் பெரிய வாளைகள் அடியில்தான் கிடக்கும். நாக்கைக் குறைத்தால் பொய்மீன் மேலாகவே நீந்தும். இத்தனை சனிக்கிழமை வந்தும் ஒன்றும் மாட்டாதது ஏன் என்று இப்போதல்லவா புரிகிறது!

"பாறையில இடிச்சிருக்கும் மச்சான்," என்றான் டென்சில். துடுப்பை எப்போதும் அவன்தான் போடுவான்; யாரிடமும் தரமாட்டான்.

பாறை இவ்வளவு வழவழப்பாகவா தேய்க்கும்? பொம்மசந்திராவில் இருவருக்கும் ஒரே பட்டறை, பக்கத்துப் பக்கத்து மேஜை. டென்சில் அரம் பிடித்தால் ஓரம் லேசாகச் சரியும். அந்தச் சரிவு பெர்னார்டுக்கு மனப்பாடம். இருந்தும் கேட்க வாய் வரவில்லை. சிநேகிதனாச்சே.

போன வருஷம் பெர்னார்டின் தம்பி டிரேவர் துபாய் வேலைக்கென்று கிளம்பியபோது பம்பாய் பஸ் ஏற்றிவிடப் போனதும் டென்சில்தான். அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. அம்மா அழும்போதெல்லாம், "ஜாலியா இருப்பான் ஆன்ட்டி," என்று தேற்றிவிட்டு, அவள் கையால் சாப்பிட்டுப் போவான்.

காலையில் சிவாஜிநகரில் வாங்கிய புதுப் பொய்மீன் பெர்னார்டின் சட்டைப்பையில் இருந்தது. நீள நாக்கு. தூண்டில் நரம்பில் கட்டிப் படகுக்குப் பின்னால் விட்டான்.

"அது வேணாம்டா. நரம்பு அறுந்துடும்."

பொழுது சாய்ந்து, வெட்டுப்பாறைகளின் நிழல் தண்ணீர்மேல் கறுப்பாக இறங்க, ஈரக்கல்லும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம் மூக்கில் ஏற, ஓசூர் ரோட்டு லாரிகளின் ஹாரன் எங்கோ தேய, ஆழத்தில் நீந்தும் பொய்மீனின் நடுக்கம் மட்டும் நரம்பு வழியாக உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது.

நடுக்கம் நின்றது.

படகு பின்னால் போனது. வடக்குச் சுவர்ப் பக்கம். டென்சில் அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை.

"முன்னாடி போடா!"

"போட்டுட்டுதான் இருக்கேன்!"

துடுப்பு வேகமாக அடித்தது. படகு பின்னால்தான் போனது.

"அறுத்துவிடு, பெர்னார்ட்."

இந்தத் தடவை மச்சான் என்று கூப்பிடவில்லை. பெர்னார்ட்.

பெர்னார்ட் அறுக்கவில்லை. நரம்பைச் சுற்றி இழுத்தான். கனம். மேலே வந்தது. நீல ஜீன்ஸ் சட்டையின் கை. ஊறி வெளுத்த விரல்கள். அதில் அம்மா போட்டு அனுப்பிய மாதா மோதிரம்.

டென்சில் துடுப்பை விட்டுவிட்டான்.

"கல்லு கட்டித்தானேடா போட்டேன்..."

"பாவி! எங்கம்மா சோத்தைத் தின்னியேடா!"

பெர்னார்ட் தம்பியின் கையிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்கக் குனிந்தான்.

முள் எங்கேயும் குத்தியிருக்கவில்லை.

விரல்கள் ஐந்தும் பொய்மீனை இறுகப் பிடித்திருந்தன. கட்டைவிரல் மட்டும் அந்த நீள நாக்கை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.