ஊசியின் மெதுவான பக்கம்

ஜெரோமுக்குத் தீர்ப்பு வர நாலு நொடி ஆனது. குற்றவாளி, உப்பளச் சிறையில் பதினைந்து வருடம். கூடத்தின் பெரிய திரையில் ஒரே வரி. அடுத்த வழக்குக்காரர்கள் அதற்குள் முன்வரிசைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

தூத்துக்குடியில் யாரும் நீதிப்பொறியோடு மல்லுக்கு நிற்பதில்லை. மனித நீதிபதிகள் வாய்தா போட்டே ஆளைக் கிழவனாக்கியது எல்லோருக்கும் நினைவிருந்தது. பொறி அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் வீட்டுச்செவி, அங்கே பேசப்படும் எல்லாவற்றையும் கேட்டு அவரவர் வாழ்வுக்கோப்பில் பதிந்துவிடும். வழக்கு என்று வந்தால் பொறி அந்தக் கோப்பை ஒரு வரி விடாமல் வாசித்துத் தீர்ப்புச் சொல்லும். வாசிக்கும்போது வேறு குற்றம் எது கண்ணில் பட்டாலும், அது யாருடையதாக இருந்தாலும், அதையும் சேர்த்துத் தண்டிக்க வேண்டும் என்பது சட்டம்.

முதலில் ஊரே நடுங்கிக் கிடந்தது. வருடங்கள் போயின. பொறி ஒருவரையும் அப்படிப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் நாம் பேசுகிற அழுக்கையெல்லாம் கேட்டுவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிடுகிறது என ஜனங்கள் முடிவு கட்டினார்கள். பொறிக்கு இரக்கம் உண்டு என்று பேச்சு பரவியது. நீதிக்கூடத்து மதிலோரம் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள்கூட உண்டு. பயம் விட்டதும் வாய் பழையபடி அவிழ்ந்துகொண்டது.

ஜெரோமின் தங்கை ரோஸ்லினுக்கு மட்டும் அந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. துறைமுகக் கிட்டங்கி எரிந்து காவலாளி செத்த நேரத்தில் ஜெரோம் வீட்டில் உட்கார்ந்து அவளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குழம்பில் உப்பு இல்லை என்று சத்தம்கூடப் போட்டான். வீட்டுச்செவி அதைக் கேட்டிருக்கும். செவி கேட்டதைப் பொறி வாசித்திருந்தால் இந்தத் தீர்ப்பு எப்படி வரும்?

அதைக் கண்டுபிடிக்க அவளால் முடியும். அதே நீதிக்கூடத்தில் அவள் கருவிச் சோதகர். வருடம் ஒருமுறை பொறியின் வேகத்தைச் சரிபார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. சரிபார்ப்பதென்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை. ‘பாட்டை வேகம்: நொடிக்கு நூறு கோடித் துடிப்பு’ என்று பொறியின் திரையிலேயே வரும். அதைப் பார்த்து எழுதுவதுதான். பாட்டை என்பது நினைவகத்திலிருந்து செயலிக்குத் தரவு வந்து சேரும் பாதை. செயலி எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், பாட்டை வழியே எது வந்து சேர்கிறதோ அதைத்தான் வாசிக்க முடியும். அதன் வேகத்தைப் பொறியிடமே விசாரிப்பது, கடைக்காரனிடமே உன் தராசு சரியா என்று கேட்பது மாதிரி. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாச் சோதகர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவளும் செய்தாள்.

மறுநாள் காலை, கூடம் திறப்பதற்கு முன்னால், பொறியின் பின்கதவைக் கழற்றி, துடிப்பை அளக்கும் அலைக்காட்டியின் முனையைப் பாட்டையின் கம்பியிலேயே வைத்தாள். எழுந்த துடிப்புகளைப் பார்த்ததும் கருவிதான் பழுது என்று நினைத்து வேறொன்றை எடுத்துவந்தாள். அதுவும் அதையே காட்டியது. நூறு கோடி இல்லை. ஒரு லட்சம்.

காரணம் பலகையின் மூலையில் இருந்தது. விரல்நகம் அளவுக்கு ஓர் இணைப்பூசி. ஒரு பக்கம் செருகினால் முழு வேகம், மறுபக்கம் செருகினால் மெதுவான வேகம். அது மெதுவான பக்கத்தில் இருந்தது. திரையில் வந்த நூறு கோடி யாரும் அளந்த எண் அல்ல. தொழிற்சாலையில் எழுதிவைத்து அனுப்பியது.

ரோஸ்லின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு நொடிக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. இந்த வேகத்தில் நாலு நொடிக்குள் செயலிக்கு வந்து சேரக்கூடியது கோப்பின் முகப்புப் பக்கம் மட்டும். பெயர், தகப்பன் பெயர், தெரு, தொழில், பழைய வழக்கு, புகைப்படம். ஜெரோமின் முகப்பில் சுமை தூக்குகிறவன் என்றும், இருபது வயதில் ஓர் அடிதடி என்றும் இருந்தது. பதினோரு வருடமாக ஊருக்கு நியாயம் சொன்னது அந்த ஒரு பக்கம்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் முகப்பைப் பார்த்து ஊர் என்ன நினைத்ததோ அதையேதான் பொறியும் சொல்லிக்கொண்டிருந்தது.

நிர்வாகப் பொறியாளர் தங்கமாரியப்பன் அவள் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சிட்டாங்கம்மா. மாநிலம் பூரா ஒரே நாள். குளிரூட்டி வந்து சேரல. முழு வேகத்துல ஓடுனா பலகை உருகிரும்னு ஊசிய மெதுவான பக்கம் போடச் சொன்னாங்க. குளிரூட்டி வந்ததும் மாத்திக்கிடலாம்னு.”

“வந்துச்சா?”

“ரெண்டு மாசத்துல வந்துச்சு. மாத்தணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. எனக்கு ஞாபகம் வந்தப்போ ஆயிரக்கணக்குல தீர்ப்பு ஆயிருந்துச்சு.”

“தெரிஞ்சே இருந்திருக்கீங்க.”

“மாத்த ஒரு நிமிசம் போதும் ரோஸ்லின். அதுக்கப்புறம் அது படிக்கும். அத யோசிச்சீங்களா?”

“படிக்கட்டும் சார். படிக்கத்தான வச்சிருக்கு. எங்க அண்ணன் செய்யாத கொலைக்கு உப்புல வேகுதான்.”

தங்கமாரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மாத்த மாட்டேன். நீங்க மாத்துனா தடுக்க மாட்டேன்” என்றார்.

அவள் மாற்றினாள். ஊசி ‘டிக்’ என்று உட்கார்ந்தபோது மனசு நிறைந்திருந்தது. அலைக்காட்டி இப்போது நூறு கோடி காட்டியது. மறுவிசாரணைக்கு மனு கொடுத்தாள். திங்கட்கிழமை என்று பதில் வந்தது. சொல்ல வேண்டியவனிடம் சொல்லிவிடலாம் என்று நேரே உப்பளச் சிறைக்குப் பேருந்து ஏறினாள்.

சிறையின் சந்திப்பு அறையில் செவி வைப்பது வீண் செலவு என்று விட்டுவிட்டார்கள். நாலு சுவருக்குள் ஒட்டுக்கேட்பில்லாமல் பேச அங்கே முடிந்தது. ஜெரோமின் கைகள் அதற்குள் வெடித்திருந்தன. அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

“அன்னைக்குச் சாப்பிடும்போது பேசுனத மட்டுந்தான படிக்கும்?”

“முழுக் கோப்பும் படிக்கும்ண்ணே. முகப்புல இருந்து கடைசி வரைக்கும்.”

“ஏட்டி, மைனிய மறந்துட்டியா?”

ஜெரோமின் மனைவியை ஊர் செல்வி என்று அழைத்தது. தெற்குத் தீவுகள் கடலில் முங்கிய வருடம் தோணியில் வந்து இறங்கியவள் அவள். தீவுக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் பத்து வருடம். பிடிபட்ட தீவுக்காரர்களைக் கப்பலேற்றி எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் குடியிருந்த சூசையப்பர் தெருவில் அப்படி வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள், இந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு. அது தெருவுக்கே தெரியும். வீட்டுக்குள் தாராளமாகப் பேசுவார்கள். பொறிக்குத்தான் இரக்கம் உண்டே.

ரோஸ்லின் மறக்கவில்லை. பொறி அதையெல்லாம் எப்போதோ கேட்டு மன்னித்துவிட்டது என்றே அவளும் நினைத்திருந்தாள். முகப்பைத் தாண்டி அது ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று தன் கையால் அளந்து கண்டுபிடித்த பிறகும், இந்த இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போதுதான் இரண்டும் சேர்ந்தன.

“மனுவ வாபஸ் வாங்கு. ஊசியப் பழையபடி போட்டுரு” என்றான் ஜெரோம். “பதினஞ்சு வருசந்தான. நான் இருந்துட்டுப் போறேன்.”

“செய்யாத குத்தத்துக்கா?”

“செஞ்ச குத்தத்துக்குன்னு வச்சிக்கோ. போ, சீக்கிரம் போ.”

அவள் திரும்பி வந்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. அவள் திங்கட்கிழமையை மட்டும் நினைத்திருந்தாள். அதற்கு முன் இன்றைக்கும் வழக்குகள் உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு வழக்குதான் நடந்திருந்தது, குழாயடித் தகராறு. குடத்தை எறிந்தவள் அபராதம் கட்ட வேண்டும் என்று பொறி முதல் வரியிலேயே அதை முடித்துவிட்டது. ஆனால் திரை நிற்கவில்லை. வழக்குப் போட்ட முத்துக்கனி என்ற அம்மாள் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவள் மருமகன் ரேஷன் கடையில் செய்தது, எதிர்வீட்டுக்காரர் பத்திரத்தில் செய்தது, மருத்துவமனை நர்ஸ் செய்தது, அவள் இத்தனை வருடம் சமையலறையில் நின்று யார் யாரைப் பற்றி என்னென்ன பேசினாளோ அத்தனையும் அவள் வார்த்தையிலேயே வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. ஊர்க்கதை பேசாத வீடு எது? ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஒரு தண்டனை. காவலர்கள் அந்த ஆட்களைப் பிடித்துவரப் பின்வாசல் வழியாக இரண்டிரண்டு பேராக வெளியே போனார்கள்.

ரோஸ்லின் பின்பக்கம் ஓடி ஊசியைப் பிடுங்கி மெதுவான பக்கம் செருகினாள். திரை நிற்கவில்லை. அது அப்போது வாசித்துக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வாசித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. நடந்துகொண்டிருந்தது அறிவிப்பு மட்டும்.

அவள் கூடத்துக்குத் திரும்பினாள். சீருடையைப் பார்த்துவிட்டு முத்துக்கனி அவளிடம் வந்தாள்.

“நீங்கதான பொறியப் பாக்குறவங்க? இத்தன வருசமா எம்புட்டு இரக்கமா இருந்துச்சு. இன்னைக்கு அதுக்கு என்னம்மா வந்துச்சு?”

திரையில் அடுத்த வரி ஏறியது.

‘சூசையப்பர் தெரு, ஜெரோம் வீடு. சாட்சியம், முத்துக்கனி தன் மகளிடம் கூறியது: செல்வி தீவுக்காரின்னாலும் அவ கையில ஜாக்கெட் தைச்சா அப்பிடிப் பொருந்தும்.’

“நான் நல்லவிதமாத்தான சொன்னேன்” என்றாள் முத்துக்கனி.