பன்னிரண்டாம் அறையின் இரண்டு கட்டில்கள்

மாணவியர் விடுதியில் நோயாளிகளுக்கான சிக்ரூமுக்குள் வாயிற்காவல் பெண் மூச்சிரைக்க நுழைந்தாள்.

"சிஸ்டர், எழுந்து வாங்க! பன்னிரண்டாம் ரூம்ல அந்த ஃபர்ஸ்ட் இயர் பொண்ண வார்டன் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க, அழுதழுது மயங்கிடுவா போலிருக்கு. காலையில சோதனை போட்டப்ப அவ கட்டிலுக்கு அடியில தண்ணி காய்ச்சுற ஹீட்டர் ராடு கட்டியிருந்துச்சாம். நாலு மணிக்கு அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போகணுமாம்."

"போனா?"

"படிப்பு அவ்வளவுதான். காலேஜே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்ன மனுஷன் அவரு."

நர்ஸ் நிதானமாகச் செருப்பை மாட்டினார். காவல்காரிக்கோ கால் தரையில் பாவவில்லை; யாராவது தும்மினால்கூட அதன் பின்னணியைத் துருவுகிறவள்.

காவல்காரியிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்தார்கள். சின்னவள் ஜன்னலோரக் கட்டிலில் அழுது களைத்துக் கிடந்தாள். கதவோரக் கட்டிலில் அவளுடைய அறைத்தோழி, கடைசி வருட சீனியர். துணைக்கு இருக்கிறேன் என்று அவளும் வலியப் போய் அடைபட்டிருந்தாள். ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு வெளிப்பூட்டு. பார்த்தவருக்கே மூச்சு முட்டியது.

கதவின் பின்னால் விதிகள் ஒட்டியிருந்தன. நான்காவது: ஜன்னலோரக் கட்டில் முறைவைத்து மாதம் ஒருவருக்கு. ஒன்பதாவது: சூடேற்றும் சாதனம் வைத்திருப்பவர் அன்றே வெளியேற வேண்டும். பக்கத்திலிருந்த பட்டியல்படி இந்த மாதமும் போன மாதத்துக்கு முந்தின மாதமும் ஜன்னலோரம் சின்னவளுக்கு.

"ராடு உன்னுதா?"

"இல்ல சிஸ்டர்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் இரண்டு படுக்கை விரிப்புகளையும் தடவிப் பார்த்தார். சின்னவளின் நீல விரிப்பு புதுசு போலிருந்தது. சீனியரின் பச்சை விரிப்பு ஒரு பாதி மட்டும் வெளுத்திருந்தது.

"வெயில் எந்தக் கட்டில்ல விழுது?"

"ஜன்னலோரத்துலதான்," என்றாள் காவல்காரி. "ஆனா சிஸ்டர், கொடியில காயப்போட்டாலும் வெளுக்குமே?"

"அப்போ முழுசா வெளுக்கும். இது தினம் ஒரே பக்கம் வெயில் பட்ட துணி. நீலத்துல வெயிலே படல. ரெண்டு பேரும் ஒரு நாளும் கட்டில் மாறல. சோதனை வர்ற காலையில பட்டியலுக்கு ஏத்த மாதிரி விரிப்ப மட்டும் மாத்திப் போடுறாங்க. இன்னைக்கும் மாத்தினாங்க. கட்டிலுக்கு அடியில கட்டினத அவிழ்க்கத்தான் நேரம் கிடைக்கல."

சீனியர் தலை குனிந்தாள்.

"மாசம் ரெண்டு தடவை இளைப்புன்னு என்கிட்ட வருவே. மூணு மாசமா ஆளக் காணோம். ஆவி பிடிக்க ரூம்லயே தண்ணி காய்ச்சியிருக்கே."

"மூணு மாசமா சிக்ரூம நாலு மணிக்கே மூடிடுறீங்க சிஸ்டர். எனக்கு இளைப்பு அதுக்கப்புறம்தான் வருது."

நர்ஸுக்குச் சுருக்கென்றது.

"அக்காவச் சொல்லாதீங்க," என்று சின்னவள் எழுந்தாள். "காத்து வேணும்னு நான்தான் ஜன்னலோரத்த விட்டுக்கொடுத்தேன். எனக்காவது வீடு இருக்கு. அக்காவுக்கு அதுவும் இல்ல. அண்ணன் வீட்டுல பாய் விரிக்க இடமில்லன்னு அண்ணியே சொல்லிட்டாங்க."

"வார்டன்கிட்ட நான் எதுவும் சொல்லப்போறதில்ல," என்றார் நர்ஸ் சீனியரிடம். "சொல்ல வேண்டியது நீ."

நாலு மணிக்கு வார்டன் வந்தார். பின்னால் சின்னவளின் அப்பா, கையில் காலிப் பையுடன். சீனியர் எழுந்தாள்.

"ராடு என்னுது மேடம். கட்டிலும் என்னுது. அவ மேல தப்பில்ல."

வார்டன் கதவின் பின்னாலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம், "உங்க பொண்ணு இருக்கட்டும், நீங்க கிளம்புங்க," என்றார். சீனியரிடம் திரும்பினார். "விதி விதிதான். நீ பெட்டியக் கட்டு."

சீனியர் பெட்டியை இழுத்தாள். எங்கே போவதென்று தெரியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மார்பு விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது.

நர்ஸ் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"ரூம விட்டு அனுப்பிட்டீங்க, சரி. நோயாளியா நான் சேர்த்துக்கறேன். சிக்ரூம்ல கட்டில் காலியா இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"இளைப்பு குணமாகுற வரைக்கும்."

"எப்போ குணமாகும்?"

நர்ஸ் சீனியரின் நாடியைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, முறையாக எண்ணி முடித்தார்.

"கடைசிப் பரீட்சை என்னைக்கோ, அதுக்கு மறுநாள் காலையில மேடம்."