வேல்பாண்டியின் பை

கதவைத் திறந்த அனுசுயா அழவில்லை. சசிதரனின் தோளிலிருந்த தன் கணவன் வேல்பாண்டியின் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "வாங்க. ரொம்பக் களச்சுப் போயிருக்கீக," என்றாள்.

கொல்லத்திலிருந்து குமுளி ஏறி, கம்பம் இறங்கி, தேவாரம் வந்துசேரும் வரை, அவள் அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்றேதான் அவன் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். தரை இன்னும் தோணியைப் போலவே மெல்ல ஏறி இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தூத்துக்குடியில் சிமெண்டும் வெங்காயமும் ஏற்றிக் கிளம்பிய அந்தத் தோணியில், கடலைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் அவர்கள் இருவர்தான். இவன் சுருளிப்பட்டி, வேல்பாண்டி தேவாரம். கன்னியாகுமரியைத் தாண்டியதும் எஞ்சின் நின்றுபோக, பாயை விரித்துக் கரையோரமாகவே ஊர்ந்தார்கள். எதிர்காற்றும், டீசல் வாடையும், ஈரக் கயிறு தேய்த்துத் தேய்த்து உள்ளங்கையில் விழுந்த புண்ணும், கண்ணை மூடினாலும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்த பாயின் படபடப்புமாக உறக்கம் என்பதே மறந்துபோனது. ஒரு மாலை பாயை இறக்கும்போது கயிறு சுழன்று வேல்பாண்டியைத் தூக்கி வீசியது. கடலில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. விடியும்வரை தேடியும் அவன் கிடைக்கவில்லை.

கொல்லம் துறைமுகத்தில் கரையேறிய பிறகும் ஓய்வில்லை. போலீஸ், துறைமுக அலுவலகம், மீண்டும் போலீஸ். மீன் கவிச்சி ஊறிய லாட்ஜ் அறையில் படுத்தால் கட்டில் ஆடியது. தோணியை நடத்திய தண்டல் கடைசியில், "ரெண்டு வீட்டுக்கும் நான் போன்ல சொல்லிட்டேன். நீ பைய மட்டும் கொண்டுபோய்க் குடுத்துட்டு ஊரப் பாத்துப் போ," என்று அனுப்பிவைத்தார்.

உள்ளேயிருந்து வேல்பாண்டியின் மகள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா!"

பாவம், பிள்ளை. அவன் அவள் தலையைத் தடவினான்.

"அனுஷ்கா, அப்பாவ விடு. குளிக்கட்டும்," என்றாள் அனுசுயா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிய அவளுடைய அண்ணன் கருத்தக்கண்ணன், "வாங்க மாப்ள. இந்தத் தடவ ரொம்ப நாளாயிருச்சு," என்றான்.

"நான் சசிதரன்ங்க. வேல்பாண்டிகூட வேல பாத்தவன்."

"சரி மாப்ள. மொதல்ல சாப்புடுங்க."

குளித்தான். கொடுத்த சட்டை தைத்தது போலப் பொருந்தியது. அடுப்புப் புகையும் மொச்சைக் குழம்பின் வாசனையும் வீடெங்கும் கனமாக இறங்கியிருந்தன. வெளியே வெயில். உள்ளே மட்டும் இருட்டு கூடிக்கொண்டே வந்தது. ஜன்னல் கதவுகளை யாரோ ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"தண்டல் உங்ககிட்ட சொன்னாகள்ல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சொன்னாக." அனுசுயா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "சுருளிப்பட்டிக்காரரு கடல்ல போயிட்டாருன்னு சொன்னாக. அவரு சம்சாரம் என்ன பாடு படுதோ."

கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

எழுந்து தன் பையைத் தேடினான். கொல்லத்தில் பஸ் ஏறும்போது தோளில் இரண்டு பைகள் இருந்தனவா, ஒன்றா? நினைவில்லை. சட்டையோடு கழற்றி வைத்த போனை எடுத்துத் தன் மனைவி உமாதேவிக்கு அடித்தான். நெடுநேரம் ஒலித்தது.

"யாரு?" அழுது அழுது கட்டிப்போன குரல்.

"உமா, நான்தான். தேவாரத்துல இருக்கேன். இப்பக் கெளம்பி வந்துர்றேன்."

"யாரு நீங்க? செத்த வீட்டுல இப்படியா வெளையாடுவாக?"

"உமா, எனக்கு ஒண்ணும் ஆகல. செத்தது வேல்பாண்டி."

"வேல்பாண்டியா? அவருதான எங்க வீட்டுக்காரரு பைய கொண்டாந்து குடுத்தாரு. இங்கனதான் படுத்திருக்காரு."

முதுகுப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. கருத்தக்கண்ணன் கதவில் சாய்ந்து உட்கார்ந்தான். அனுசுயா கூடத்தின் நடுவே பாயை விரித்தாள். தலையணையைத் தட்டி வைத்தாள்.

"போதும். வந்து படுங்க."

ஓடவேண்டும். கால் நகரவில்லை. உடல் தானாகச் சரிந்தது. பாய் முதுகில் பட்டதும் தரை ஆடுவது நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, முதல் முறையாக. அனுஷ்கா வந்து அவன் கைமேல் தலை வைத்தாள்.

"உமா..."

மறுமுனையில் போனை அவள் வைக்கவில்லை. எங்கோ கீழே போட்டிருந்தாள். அவளுடைய அழுகை கேட்டது. தேய்ந்தது. நின்றது. வளையல் குலுங்கியது. தட்டு வைக்கும் சத்தம். பிறகு அவள் குரல். அவனிடம் தவிர வேறு யாரிடமும் அவள் பேசியிராத குரல்.

"ஏங்க... எந்திரிங்க. சோறு ஆறுது."

"ம்," என்றது போனுக்குள் ஓர் ஆண்குரல். அது சசிதரனின் குரல்.