இடப்பக்கத்துக் குரல்

அன்று அவள் கணவன் ஒரு வசனம்கூட மறக்கவில்லை. கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று வாசலில் நின்று யோசிக்கிற ஆள் அவன்; நாடகக் குழுவில் அவனுக்கு 'மறதி மன்னன்' என்றே பட்டம். மேடையின் வலப்பக்கத் திரைமறைவில் உட்கார்ந்து அவனுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தே அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். அன்றைய ஒத்திகையிலோ வாய் திறக்க வேலையே இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவன் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே உடைந்த பலகைகளைத் தவிர எதுவுமில்லை.

அந்தக் காலத்தில் எடுத்துக்கொடுப்பவரின் இடம் அதுதான். குழுவை ஆரம்பித்த கணக்கு வாத்தியார்தான் அங்கே உட்காருவார். "காதுல விழுந்தத அப்படியே செய், யோசிக்காத" என்று அவர் போட்ட விதியை, ஆபீஸ் முடிந்து ஓடிவந்து நடிக்கிற இந்தக் கூட்டம் இன்றுவரை வேதவாக்காக வைத்திருக்கிறது. இதே நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தில், கதாநாயகன் சாகிற கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால், பிரதியைப் பிடித்தபடியே அவர் செத்துப்போனார். அதோடு நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். எடுத்துக்கொடுப்பவரை வலப்பக்கம் மாற்றினார்கள். குழுவின் பொன்விழாவுக்காக இப்போதுதான் அந்த நாடகத்தைத் தூசி தட்டியிருந்தார்கள்.

மின்விசிறியின் கறகறப்புக்கும், திரைத்துணியின் பூஞ்சை வாடைக்கும், கூரைத் தகரம் சூடு தணிந்து சொடுக்குகிற சத்தத்துக்கும் நடுவே அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபோது, கணவன் பேசுவதற்கு ஒரு நொடி முன்னால், அதே சொற்கள் எதிர்ப்பக்க இருட்டிலிருந்து சளி கட்டிய மூச்சோடு கிசுகிசுப்பாக வந்தன.

"போதும். கடைசி சீன நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் டைரக்டர், சாவியைத் தேடிக்கொண்டே.

அவன் இறங்கவில்லை.

"என்னங்க, வாங்க போலாம்."

தலை இடப்பக்கம் சாய்ந்தது. "விளக்கு மங்குகிறதே," என்றான்.

கடைசிக் காட்சியின் முதல் வசனம். அதை அவன் இன்னும் படிக்கவே இல்லை.

"பாருங்க, மன்னனுக்கு இன்னைக்கு வேகம் வந்துடுச்சு!" டைரக்டர் சிரித்தார்.

கிசுகிசுப்பு தொடர்ந்தது. இப்போது வசனமில்லை.

"உக்காருப்பா."

உட்கார்ந்தான்.

"கைய மடியில வைப்பா."

வைத்தான்.

"மூச்ச நிறுத்துப்பா."

அவன் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

அவள் மேடைக்கு ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "மூச்சு விடுங்க! நான்தான் சொல்றேன், விடுங்க!" வீட்டிலும் மேடையிலும் அவன் ஒருநாளும் தட்டாத குரல். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. உதடு நீலம் பாரித்தது. டைரக்டர் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. கணவனின் கண்கள் மட்டும் உயிரோடு, கெஞ்சலாக, இடப்பக்கம் நிலைத்திருந்தன. அடுத்த வார்த்தைக்காக.

அங்கே இருட்டில், யாரோ விரலில் எச்சில் தொட்டு, நிதானமாக ஒரு பக்கத்தைப் புரட்டினார்கள்.