மாமியின் திவசத்தன்று

அன்னப்பிள்ளையின் மாமியாருக்குத் திவசம் நடந்த அன்று காலை, பாப்பாமோட்டை வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அன்னப்பிள்ளை, அவள் புருஷன் இராசேந்திரம், அவருடைய தமையன் சிங்கராசா, மகள் பிரஷாந்தி, பக்கத்து வளவு மாக்கிறட். வேறு ஒருவரும் இல்லை.

திவசத்தில் இராமாயணம் படிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். இராசேந்திரம் பாட்டைப் படிக்க, சிங்கராசா பயன் சொல்லிப் பொருளை விளக்குவார். குத்துவிளக்கை ஏற்றுவது வீட்டு மருமகள்.

அன்னப்பிள்ளை திரியைத் தொட்டதும் சிங்கராசா கையை உயர்த்தினார்.

"நீ வேண்டாம் பிள்ளை. பிரஷாந்தி ஏத்தட்டும்."

"ஏன் அத்தான்?"

"ஏனோ? எங்கட அம்மாவை மடுவில சிலுவைக்குக் கீழ தாட்டுப்போட்டு, இப்ப விளக்கோ!"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சண்டை நெருங்கியபோது, படுக்கையில் கிடந்த கிழவியை இந்தியாவுக்குப் போகும் வள்ளத்தில் ஏற்ற ஓட்டி மறுத்துவிட்டான். மற்ற எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, மாமியோடு நின்றவள் அன்னப்பிள்ளை. மடுக் கிறிஸ்தவக் கோயிலின் அகதி முகாமில்தான் மாமி கண்மூடினாள். தமிழ்நாட்டிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தபின், அவள் மாமியை வேற்று முறையில் புதைத்துவிட்டாள் என்ற இந்தப் பழி எழுந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

பிரஷாந்தி ஒரு திரியை மட்டும் ஏற்றினாள். அன்றைய படிப்பு, சீதை நெருப்பில் இறங்கும் இடம். சிங்கராசா நிமிர்ந்து இருந்து பயன் சொன்னார்:

"ஊர்வாய்க்காகச் சுவாமி கேட்டார். சுத்தமானவள் துணிந்து இறங்கினாள். மனதில் கள்ளம் உள்ளவள்தான் வாய்மூடி இருப்பாள்..."

வாசலில் இருந்த மாக்கிறட்டுக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ அண்ணை! உங்கட அம்மாவை ஆரும் புதைக்கேல்லை. விறகு பொறுக்கி அடுக்கி, இவள்தான் கொள்ளி வைச்சவள்! நானும் அந்த முகாமில இருந்தனான், பக்கத்தில நிண்டனான். பெத்த பொடியள் இருக்க மருமகள் கொள்ளி வைச்சால் அவையளுக்கு வெக்கம், சொல்லாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவள். எனக்கு மனம் கேக்கேல்லை... நீங்கள் வந்த கிழமையே இராசேந்திரத்திட்டைச் சொல்லிப்போட்டன். அவர் சொல்லேல்லையோ?"

அன்னப்பிள்ளை புருஷன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்... அண்ணையின்ர மரியாதை... கோயில்ல பயன் சொல்லுற மனிசன்..."

"என்ர மரியாதை?"

அவள் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"அத்தான், இந்தப் பாட்டுக்கு நான் பயன் சொல்லுறன், கேளுங்கோ. அவ சுத்தமெண்டு சுவாமிக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு பேசாமல் நிண்டார். நெருப்பு அவவைச் சுடேல்லை... அவர் பேசாமல் நிண்டதுதான் சுட்டது!"

சிங்கராசா எழுந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, சுவாமி சந்நிதியில் பணிந்து கட்டுவதுபோல இடுப்பில் கட்டினார்.

"பிள்ளை... நான் செய்ய வேண்டியதை நீ செய்தனி. விளக்கை நீ ஏத்தம்மா."

"அம்மா!" என்று கட்டிக்கொண்ட பிரஷாந்தி, அழுதபடியே நெருப்புப்பெட்டியைத் தாயின் கையில் வைத்தாள். மிச்சத் திரிகளை அன்னப்பிள்ளை ஏற்றினாள்.

"அன்னம்..." என்று இராசேந்திரம் கிட்ட வந்தார்.

"இருந்து படியுங்கோ. பாட்டு இன்னும் முடியேல்லை."

அன்றோடு அன்னப்பிள்ளை புருஷனை விட்டு, வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகி, தோட்டவெளி ஊர்ப் பக்கம் போய்விட்டாள் என்று ஒரு கதை உலாவுகிறது. பொய். அவள் தன் வீட்டில், தன் கட்டிலில்தான் படுக்கிறாள். விறாந்தையில் படுப்பவர் இராசேந்திரம்.