அருமைநாயகத்தின் இருநூறு சொற்கள்

அந்த ஆண்டு பாளையங்கோட்டையில், பக்கவாதத்தால் வாய் குழறியவர்கள் எல்லாரும் மறுபடி பேசினார்கள். சொல்லுறவுப் பொறி வந்திருந்தது. ஒருவருக்கு எந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று தெரிந்துவிட்டால், அரைகுறை ஒலியிலிருந்தே முழு வாக்கியத்தையும் அது எழுதிவிடும். அதற்காக இருநூறு சொற்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மனதில் முதலில் தோன்றுவதைப் பதிவார்கள்.

அருமைநாயகத்துக்குப் பதிலாக மனைவி ஞானப்பூ பதிந்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனம், ஓரிடத்திலும் தயங்கவில்லை. காபி என்றால் சீனி. ஞாயிறு என்றால் கோயில். ஆபரேஷன் என்றால் குணம்.

மறுநாளே அவர் பேச்சு திரையில் எழுத்தாக வந்தது. 'பொறி எழுதியது நீங்கள் எதிர்பார்த்ததுதானா?' என்று நிறுவனம் தினமும் கேட்கும். அவள் தினமும் 'ஆம்' என்று தொடுவாள். அந்தப் பதில்களை வைத்து, தெளிவு தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

கழுத்து ரத்தக்குழாயில் ஆபரேஷன் செய்யலாமா, மாத்திரையோடு நிறுத்தலாமா, இரண்டிலும் ஆபத்து உண்டு என்று சொல்லி டாக்டர் கேட்டபோது, செய்யலாம் என்று திரை எழுதியது. வியாழக்கிழமை என்று முடிவானது. வீட்டுக்கு வந்ததும் அருமைநாயகம் இடக்கையால் ஒலிவாங்கியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார்.

பழுது பார்க்க வந்த இளம்பரிதி புது ஒலிவாங்கியை மாட்டிவிட்டு, சோதனைக்காக அவரைச் சும்மா இருமச் சொன்னான். இருமினார். திரையில் வந்தது: 'சரிட்டி, உன் இஷ்டம்.'

ஞானப்பூ சிரித்தாள். "அவிய பேச்சே இதான தம்பி." திரையை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இருமலுக்குமா?"

ஒலி போதாத இடத்தைப் பொறி பதிவிலிருந்துதான் நிரப்பும் என்றான் அவன். பதிவு அவளுடையது.

அவருக்கு வாய்தான் குழறியது. படிக்கக் கண்ணும் தொட்டுக்காட்ட இடக்கையும் இருந்தன. சொல் அட்டைகளை மேசையில் பரப்பி இரண்டு நாள் மறுபதிவு நடந்தது. காபிக்கு அவர் காட்டிய அட்டை டீ.

"டீயா? இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே," என்றாள் ஞானப்பூ. அவர் அவளையே பார்த்தார். கேட்டோமா என்று அவள் யோசித்தாள்.

ஞாயிறுக்குத் தூக்கம். ஆபரேஷனுக்கு அப்பா. மாமனார் ஆபரேஷன் மேசையிலேயே இறந்தார் என்று கல்யாணமான புதிதில் யாரோ சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருநூற்றில் முப்பத்தொன்றுதான் அவள் பதிந்ததோடு பொருந்தின.

புதன் மாலை திரை எழுதியது: 'ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை போதும்.' அவள் சண்டை போட்டாள், அழுதாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கடைசியில் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நிறுத்தினாள்.

மாதக் கடைசியில் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தெளிவு நாற்பத்தொரு சதவீதமாக விழுந்துவிட்டதாம். பொறியில் கோளாறு இருக்கும், பழைய பதிவையே போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இப்பதான் அவிய பேச ஆரம்பிச்சிருக்காவ."

போனை வைத்தாள். 'எதிர்பார்த்ததுதானா?' என்ற அன்றைய கேள்விக்கும் 'இல்லை' என்று தொட்டுவிட்டு, டீ போடப் போனாள்.